ஆறுதல் துறையும் ஒரு சிவப்புக் கதிரையும்

திருமுழுக்குப் பெயரின்படி அவர் மரிய எமில்டா. மாம்புரிக் கரையில் அந்தப் பெயரை முழுமையாக உச்சரிப்பவர் பங்குச் சுவாமியார் ஒருவரே. மற்றவர்களுக்கு அவர் எமில்டா டீச்சர். பாலர் பாடசாலை நடத்துவதாலும், நடத்தாத நேரங்களில் ஊர் முழுவதையும் நான்கு வயதுப் பிள்ளையாகவே கருதுவதாலும் அந்தப் பட்டம் அவரை விட்டு நீங்கவில்லை.

வார இறுதிகளில் சிலாபத்துக்குப் பேருந்தில் சென்று கிறிஸ்தவ உளவளத்துணைப் பயிற்சியை முடித்த எமில்டா, அதற்குக் கிடைத்த சான்றிதழை வரவேற்பறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குச் சற்றுக் கீழே மாட்டினார். பணிவின் காரணமாகவே கீழே மாட்டியதாகச் சொன்னார். ஆனால் படத்துக்கென்று பொருத்திய மின்விளக்கின் வெளிச்சம் சான்றிதழின் மீதே நன்றாக விழுந்தது.

ஆலோசனை தேடி எவரும் வரவில்லை. மனக்கவலைக்கு மாம்புரியில் குறைவு இருந்ததால் அல்ல. டீச்சர் வீட்டுப் படலையை ஒருவர் திறந்தால், அவர் உள்ளே அமர்வதற்கு முன்னரே அவருடைய கவலை இன்னதென்று கரைவலை இழுப்பவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஆகவே, வர முடியாதவர்களிடம் தாமே போவதென்று தீர்மானித்து, சாம்பல் புதனன்று எமில்டா ஒரு வலைப்பதிவைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஆறுதல் துறை’.

பக்கத்தை அமைத்துக் கொடுத்தவள் நுரைச்சோலைச் சந்தியில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்த ஷஸ்னா. எமில்டா கையால் எழுதிக் கொடுப்பதைத் தட்டச்சுச் செய்து ஏற்றுவதும் அவளே. முஸ்லிம் பெண்ணான அவளுக்கு மாம்புரிப் பங்கில் உறவுமில்லை, பகையுமில்லை. அதனால் அந்தப் பதிவுகளை நடுநிலையோடு வாசித்த ஒரே ஆள் அவள்தான் என்று சொல்லலாம்.

“டீச்சர், போன கிழமை எழுதின குடிகாரர் ஆரு?”

“ஆருமில்ல. அது கற்பனை.”

“நல்ல கற்பனை. மூணு வீட்டு ஆக்கள் வந்து, தங்கட பேர எடுக்கச் சொல்லிட்டுப் போறாங்க. பேரே இல்லாத இடத்துல எந்தப் பேர நான் எடுக்க?”

எமில்டா பயிற்சியில் படித்த முதல் விதி, பிறருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது பெயர், ஊர், வயது, குடும்ப நிலை யாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது. அவர் அதை ஒரு வேத கட்டளையைப் போலக் கடைப்பிடித்தார். எழுதியவற்றில் நல்லவையும் இருந்தன. செபிப்பதாகச் சொல்லிவிட்டுச் செவிகொடுக்காமல் இருப்பது, மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டிவிட்டு மருந்தைக் கொடுக்காமல் அனுப்புவதைப் போன்றது என்று அவர் எழுதியதைச் சுவாமியார் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். பூசை முடிந்த பின்னர் தனியாகவும் ஒன்று சொன்னார்.

“டீச்சர், பாவசங்கீர்த்தனத்தில ஆர் என்ன சொல்லுறாங்கள் எண்டு நான் சொல்லக்கூடாது. ஆனா உங்கட பதிவு வாற கிழமையில வரிசை நீண்டு, நான் சாப்பிடப் போகப் பிந்துது.”

இவ்வளவு பேசப்பட்ட ஆறுதல் துறை தன் வீட்டுக்குள்ளேயே ஒரு பிணக்கை உண்டாக்கியிருந்தது. எமில்டாவின் கணவர் கிளாரன்சுக்குச் செலஸ்ரினா என்றொரு மூத்த சகோதரி உண்டு. இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. இடையில் ஒரு மதில். வாசல்கள் வெவ்வேறு ஒழுங்கைகளில் இருந்தமையால், செலஸ்ரினா தன் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, அதில் ஏறி நின்று மதிலுக்கு மேலால் கதைப்பது வழக்கம். கறியும் அவ்வழியே வரும், கருவாடும் வரும், எமில்டாவின் கொடியில் காயும் உடுப்புகளைப் பற்றிய விமர்சனமும் வரும்.

சாம்பல் புதனோடு தொடங்கிய தபசு காலத்தின் மூன்றாவது பதிவில் எமில்டா தனிமையைப் பற்றி எழுதினார். அதில் ஒரு பெண் வந்தாள். பெயர் மாறியிருந்தது. ஊர் மன்னாராகியிருந்தது. வயது அறுபத்தைந்து. கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்த விதவை. தன் தனிமையை மறைப்பதற்காக, கதிரையில் ஏறி மதிலுக்கு மேலால் அயலவரின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றிய எமில்டா, கதிரையை மாற்ற மறந்துவிட்டார்.

மறுநாள் கதிரை மதிலடியில் இல்லை. கறி நின்றது. கருவாடு நின்றது. பூசையில் சமாதானம் பகிரும் வேளையில் செலஸ்ரினா தன் கூப்பிய கைகளைப் பக்கத்திலிருந்த தூணின் பக்கம் திருப்பினார். அந்த ஆண்டு மாம்புரியில் அதிகமான சமாதானத்தைப் பெற்றது அந்தத் தூண்தான்.

மார்கழியில் எமில்டா ஒரு வழி கண்டார். ‘மன்னிப்புக் கேட்பது எப்படி’ என்ற தலைப்பில், மதிலுக்கு மேலால் கதைத்த அந்தச் சகோதரியிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். இத்தாலியில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் வாசித்து அழுதார்கள். உடப்பிலிருந்து ஒருவர் நன்றி தெரிவித்தார். மாம்புரியில் ஒருவர் பாக்கியில்லாமல் வாசித்து முடித்த பின்னரே அது செலஸ்ரினாவின் காதுக்கு எட்டியது. மதிலுக்கு அப்பாலிருந்து சாம்பிராணி மணம் மட்டும் வந்தது.

ஆண்டு திரும்பியது. ஆண்டவரின் உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்குப் பின் எமில்டாவின் மகன் நிலுக்சனுக்குக் கலியாணம் என்று முடிவாயிற்று. செலஸ்ரினா அவனுடைய ஞானத்தாய். கலியாண நாள் காலையில் ஞானத்தாயின் முன் முழந்தாளிட்டு, அவர் கையால் நெற்றியில் சிலுவை அடையாளம் பெறாமல் மாம்புரியில் எந்த மாப்பிள்ளையும் படலையைத் தாண்டுவதில்லை. பெண் வீட்டார் சிலாபத்தில் மண்டபமும் எடுத்துவிட்டார்கள். கிளாரன்ஸ் அழைப்பிதழை அக்காவிடம் கொண்டுபோய், அதே அழைப்பிதழோடு திரும்பி வந்தார்.

“கொண்டுவர வேண்டிய ஆள் நானில்லையாம்.”

“வேற என்ன சொன்னவ?”

“வேற ஒண்டும் சொல்லேல்ல. சோறு போட்டவ. தின்னிட்டு வந்தன். நான் ரெண்டு பக்கமும் தின்னுற ஆள், என்ன இதுக்க இழுக்காத.”

எமில்டா ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு வருடமாக அவர் அந்த வழியில் நடக்கவில்லை. செலஸ்ரினா முற்றத்தில் பாயில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. எமில்டா அருகில் குந்தியிருந்து, பயிற்சியில் பழகிய தணிந்த குரலில் தொடங்கினார்.

“மச்சாள், உங்கட மனசில இருக்கிறத நீங்க என்னோட பகிர்ந்துகொண்டா...”

“அந்தப் படிச்ச குரல வாசலுக்கு வெளிய வச்சிட்டு வா.”

எமில்டா தன் சொந்தக் குரலில் பேசினார். “கதிரையில ஏறுறத எழுதினது பிழைதான் மச்சாள்.”

“ஏறினன். ஏறித்தான் கதைச்சன். ஊருக்கே தெரியும். அதுக்கு ஏன் நான் கோவிக்கப் போறன்?”

“அப்ப என்ன?”

செலஸ்ரினா ஒரு கருவாட்டைத் தேவைக்கு அதிகமான முறை பிரட்டினார். சுவரில் கணவர் சவிரியானின் மழைக்கோட்டு மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது. விடியுமுன் தொழிலுக்குப் போனவர் இன்னும் கரைக்குத் திரும்பவில்லை.

“அந்தாள் விடிய முந்திப் போறவர். நீ எழுதினத தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டினதும் அவர்தான். கதிரை வந்த இடத்தில ரெண்டு பேரும் சிரிச்சம். பிறகு அந்தச் சொல்லு வந்திது. கடலுக்குப் போற மனுசன்ர வாயாலேயே அத வாசிக்க வச்சிட்டாய்.” குரல் இறங்கியது. “அத நான் எப்பிடி உன்னட்ட வந்து சொல்லுவன்? சொன்னா இன்னொருக்காச் சொன்னதாப் போகாதோ? ஒரு வருசமா வள்ளம் தெரியுமட்டும் கரையில நிக்கிறன்.”

எமில்டா தம் பிழையை அப்போதுதான் கண்டார். மாற்ற மறந்த கதிரை அல்ல, மறக்காமல் மாற்றிய குடும்ப நிலைதான் குற்றம். ஆளை மறைப்பதற்காகக் கருணையோடு போட்ட முக்காடு, கடலோரத்துப் பெண் ஒருத்தியின் தலையில் வெள்ளைச் சீலையாக விழுந்திருந்தது. ஒரு வருடமாக அவர் கதிரைக்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் என்ன செய்ய மச்சாள்?”

“அவரச் சாகடிச்சது நீ. எழுப்பிறதும் நீதான்.”

அன்று மாலையே எமில்டா நுரைச்சோலைக்குப் போனார். ஷஸ்னா கையெழுத்தை வாசித்துவிட்டு முகத்தைத் தூக்கினாள்.

“டீச்சர், இந்த மனுசன் போன வருசம் மௌத்தாகிட்டாரே. இப்ப எப்படி வீட்ட வந்து சாப்பிடுறாரு?”

“பாஸ்கா வருது பிள்ள.”

“அது உங்களுக்கு. வாசிக்கிற ஆக்கள் விளக்கம் கேப்பாங்க.”

“அப்ப உண்மையப் போடு. அவர் செத்ததே இல்ல, எழுதின மனுசிதான் பிழையா எழுதினவ எண்டு.”

ஆறுதல் துறை தொடங்கி ஓராண்டு நிறைவுற்ற நாளில் அந்தப் பதிவு வெளிவந்தது. மற்றவற்றைவிடச் சிறியது, அதில் விவிலிய வசனமும் இல்லை, உளவியலும் இல்லை. அந்தப் பெண்ணின் கணவர் உயிரோடு, நல்ல சுகத்தோடு இருக்கிறார் என்றும், நேற்றும் மீனோடு கரையேறினார் என்றும், அவரைக் கடலில் விட்டது எழுதியவரின் கை என்றும் இருந்தது. கீழே முதலாவதாகக் கருத்திட்டவர் சவிரியான். பெயரை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. “ஒரு வருசம் செத்துக் கிடந்து களைச்சுப்போனன். ஆனா அந்த வருசத்தில ஒருத்தரும் என்னட்டக் கடன் கேட்கேல்ல.”

மறுநாள் மதிலடியில் கதிரை இழுபடும் ஓசை கேட்டது. மதிலுக்கு மேல் ஒரு கிண்ணம் எழுந்தது. அதில் இறால் கறி. பிறகுதான் முகம் எழுந்தது. “கார்டத் தா,” என்றது அந்த முகம். எமில்டா தன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு ஏறிக் கொடுத்தார்.

கலியாண நாள் காலையில் செலஸ்ரினா மாம்பழ நிறப் பட்டுடுத்தி, ஒழுங்கையைச் சுற்றி முன்வாசலால் முறையாக வந்தார். நிலுக்சன் முழந்தாளிட்டான். அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, கைலேஞ்சியால் தன் கண்ணைத் துடைத்து, பிறகு நிதானமாக எமில்டாவின் பக்கம் திரும்பினார்.

“அவர எழுப்பிட்டாய், சரி. அந்த அறுபத்தஞ்ச ஏன் அப்பிடியே விட்டனீ?”

வெளியே வாடகை வான் ஹோன் அடித்தது. எமில்டா பட்டுச் சேலையோடும் தலைநிறையப் பூவோடும் அறைக்குள் ஓடித் தொலைபேசியை எடுத்தார்.

“ஷஸ்னா, அந்த மனுசிட வயசையும் மாத்து.”

“எத்தினை போடுறது டீச்சர்?”

எமில்டா கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். செலஸ்ரினா கண்ணாடியின் முன் நின்று சேலையின் மடிப்பைச் சரிசெய்வதாகப் பாவனை காட்டியபடி, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

“அம்பது,” என்றார் எமில்டா, நன்றாகக் கேட்கும்படியாக.

பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் வேறோர் எண் உண்டு. அன்று அதை எவரும் திறந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளை படலையைத் தாண்டினான்.