கீறல் படாத தரை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் கல்லூரிக்குள் ஓர் உள்விளையாட்டு அரங்கம் கட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள். வீடு என்றால் நம் காசு, நம் தலைவலி. அரங்கம் என்றால் காசு கொடுப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், தலைவலி மட்டும் மொத்தமாக இன்னொருவருக்கு. அந்த இன்னொருவரைக் கல்லூரியில் விசில் மேடம் என்பார்கள்.

உத்தியோகப் பெயர் உடற்கல்வி இயக்குநர். பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். குள்ளம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, குரலுக்கு மட்டும் அது தெரியாது. படித்த காலத்தில் பின்வரிசையில் நின்று, தரையைத் தொடப்போகும் பந்தைப் பாய்ந்து விழுந்து எடுப்பதுதான் அவருடைய வேலை. மண் தரை. முட்டியும் முழங்கையும் தோலை மாற்றிக்கொண்டே இருந்தன. கல்யாணமான புதிதில் கணவர் அந்தத் தழும்புகளைப் பார்த்து, "மாடிப்படியில உருண்டியா?" என்று கேட்டார். "இல்ல, பாயின்ட் எடுத்தேன்" என்றார் மேடம். கணவர் மருந்துக்கடைக்காரர். அன்று முதல் அந்த வீட்டில் பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் பஞ்சமே வந்ததில்லை.

கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு மைதானம். காலையில் பையன்களின் கால்பந்து, மாலையில் பையன்களின் கிரிக்கெட். பெண்களுக்கு மதில் ஓரமாக ஒரு மூலை. மழை பெய்தால் அது குட்டை. வெயில் சாய்ந்தால் போன் மேல் போன் வரும். "இருட்டிடுச்சே மேடம், பொண்ண இன்னும் அனுப்பலையா?" விளக்கில்லாத மூலையில் அவர் என்ன பதில் சொல்வார்? ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் வலையை அவிழ்க்க வேண்டியதுதான். நல்ல ஆட்டக்காரிகள் பலர் இப்படியே பாதியில் வீட்டுக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. அவர்களை நினைத்தால் மேடத்துக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். வருடா வருடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் கல்லூரியை நடத்தும் செயலரும் நகர்ந்தார். பழைய மாணவர் ஒருவர் பணம் கொடுத்தார். அஸ்திவாரம் தோண்டிய அன்று மேடம் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார், யாரும் நம்பவில்லை.

நிம்மதி அன்றோடு போயிற்று. தூண்கள் எழும்பியதும் முதலில் வேதியியல் துறைத்தலைவர் வந்து அண்ணாந்து பார்த்தார். "நல்லா பெருசா வருதே மேடம். எத்தனை நாற்காலி போடலாம்?" அடுத்து நூலகர் வந்தார். அவருக்கும் அதே கேள்வி. தேர்வுப் பொறுப்பாளர் ஒன்றுமே கேட்கவில்லை. வரிசை வரிசையாகக் கண்ணாலேயே அளந்துவிட்டு, தனக்குள் தலையாட்டிக்கொண்டு போனார். மேடத்துக்கு அதுதான் அதிக பயத்தைக் கொடுத்தது. கூரை என்று ஒன்று இருந்தால் அதன் கீழே நாற்காலி போடாமல் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. நாற்காலி வந்தால் பரீட்சை வரும், பட்டமளிப்பு வரும், யார் யாருடைய பேச்சோ வரும். பிள்ளைகள் பழையபடி மதில் ஓரத்துக்குப் போவார்கள்.

அந்த வாரமே பொறியாளரின் வரைபடத்தில் அரங்கத்தின் ஒரு பக்கம் பெரிய கட்டம் ஒன்று முளைத்திருந்தது. "இது என்ன?" என்றார் மேடம். "மேடை மேடம். செயலர் சொன்னாரு."

மேடம் நேராகச் செயலர் அறைக்குப் போனார். செயலர் கெட்டவர் அல்ல. எதை வாங்கினாலும் அதற்கு இரண்டு உபயோகம் இருக்க வேண்டும் என்று நினைக்கும் ரக மனிதர், அவ்வளவுதான்.

"ஒரு மேடை இருந்துட்டு போகட்டுமே. உங்களுக்கு என்ன இடைஞ்சல்?" என்றார் அவர்.

"சர்வீஸ் போட இடம் வேணும் சார்."

"பந்த தட்டறதுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

மேடம் செய்தே காட்டினார். மேசைக்கு முன்னால் நின்று, இல்லாத பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆட்டக்காரி எப்படிப் பின்னால் போவாளோ அப்படியே பின்னால் நடந்தார். முதுகு பீரோவில் மோதியது. மேலே இருந்த பரிசுக் கோப்பை ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"இந்த பீரோதான் சார் உங்க மேடை" என்றார்.

செயலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னார். "சரி, மேடை வேண்டாம். நீங்க கேட்ட மரத்தரையே போட்டுடலாம். ஆனா ஒண்ணு. அது எவ்வளவு விலைன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வருஷம் பார்ப்பேன். தரை கெட்டுச்சுன்னா பேச்சே இல்ல, மேல டைல்ஸ ஒட்டி எக்ஸாம் ஹால் ஆக்கிடுவேன். பொறுப்பு உங்களோடது."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு, ஜெயித்துவிட்டோமா மாட்டிக்கொண்டோமா என்று புரியவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மா இல்லை. மேடத்தின் மடியில் இப்போது ஒரு முழு அரங்கமே இருந்தது. கூரைக்குத் தகடு போட்ட பிறகு வானம் லேசாகக் கறுத்தாலும் எழுந்து போய் அண்ணாந்து பார்ப்பார். சொட்டு விழுகிறதா? திருகு ஒன்று சரியாக முடுக்கவில்லையோ? மரத்தரை போட ஆட்கள் வந்ததும் வகுப்புக்கு நடுவே ஓடி ஓடி வந்தார். கான்கிரீட்டின் மேல் ஈரம் ஏறாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ரப்பர் துண்டுகள், அதற்கும் மேல் பலகை, கடைசியில் ஒன்றோடொன்று கோத்த மரப்பட்டைகள். இழைத்து, வார்னிஷ் பூசி, கோடு போட்டு, மறுபடியும் வார்னிஷ் பூசினார்கள். வேலை முடிந்த அன்று தரையில் கூரை விளக்குகள் தெரிந்தன. அழகைப் பார்த்ததும் பயந்துபோனவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"தண்ணி தேங்கினா மரம் உப்பிடும். மண்ணு ஒட்டின செருப்போட வந்தா கீறல் விழும். மத்தபடி நல்லா ஆடுங்க, இது ஆடறதுக்குத்தானே" என்றார் தச்சர். உப்பிடும், கீறல் விழும் என்பது மட்டும் மேடத்தின் காதில் விழுந்தது.

திறப்பு விழாவை வெளியே பந்தல் போட்டு நடத்த வைத்தார். விருந்தினர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சாவி மேடத்தின் கைப்பையை விட்டு நகரவில்லை. தேர்வுப் பொறுப்பாளர் கேட்டார், கிடைக்கவில்லை. வேதியியல்காரர் கேட்டார், கிடைக்கவில்லை. அதுவரை சரி. ஆனால் பிள்ளைகள் கேட்டபோதும் கிடைக்கவில்லை.

"வார்னிஷ் இன்னும் நல்லா காயணும்மா" என்றார் முதல் வாரம். அடுத்த வாரம், "மழைக்காத்து, ஈரம் ஏறிடும்" என்றார். அதற்கடுத்து ஒருநாள் திறந்தார். புது ஷூவா, அடியில் மண் இல்லையே, நகம் வெட்டியாயிற்றா, தண்ணீர் பாட்டில் உள்ளே வேண்டாம், வேர்வை சொட்டினால் உடனே துடை. ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் நேரம் முடிந்தது. செயலர் வாரம் ஒருமுறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, குனிந்து தரையைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் குனியும்போதெல்லாம் மேடத்துக்கு மூச்சு நின்று நின்று வரும். "ம், புதுசு மாதிரியே இருக்கு" என்பார் செயலர். இருக்காதா பின்னே? புதுசாகவேதான் வைத்திருந்தார்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது கணவர் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "வைக்கோல்போர் நாய் தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது. அந்த எக்ஸாம்காரர்கிட்டயே குடுத்திருந்தா பிள்ளைங்க வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது உள்ள போயிருக்கும். பரீட்சை எழுதவாவது."

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சீறிவிட்டு மேடம் அறைக்குள் போய்விட்டார். தனியாக உட்கார்ந்ததும் அழுகை வந்தது. தூசி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நெருங்கியது. அந்த வருடம் ஆட்டங்கள் எல்லாம் மரத்தரையில்தான். மண்ணில் பழகியவர்களுக்கு மரத்தரையில் ஓடி நிற்பதே பிடிபடாது. இது மேடத்துக்குத் தெரியாததா? அணித்தலைவியைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து தினமும் உள்ளதான்" என்றார்.

அணித்தலைவி உயரமான பெண். பொதுவாக வாய் திறக்கமாட்டாள். காலில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பரவால்ல மேடம். நாங்க வெளியவே ஆடிக்கிறோம்."

"ஏன்?"

"உள்ள ஆடினா உங்களுக்குக் கஷ்டமா இருக்கு மேடம். ஒவ்வொரு தடவ நாங்க ஓடறப்பவும் உங்க முகத்தப் பார்த்தா எங்களுக்குப் பாவமா இருக்கு."

குத்திக்காட்டியிருந்தால் மேடம் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். பிள்ளை உண்மையாகவே பரிதாபப்பட்டாள்.  மேடம் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

மறுநாள் மாலை எல்லோரும் உள்ளே வந்தார்கள். மேடம் எதுவும் சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். ஆனால் ஆட்டம் ஆட்டமாக இல்லை. எதிரியின் கோட்டைக்குள் நுழைந்த திருடர்கள் போல எல்லோரும் பூனைநடை நடந்தார்கள். அடிக்கும் அடியில் பாதி பலம்தான் இருந்தது. பின்வரிசையில் சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெண். மண்ணில் அவளைப் பார்த்தவர்கள், இவளுக்கு எலும்பே இல்லையோ என்பார்கள். அப்படி விழுவாள், அப்படி எழுவாள். அவளுக்கு முன்னால், எட்டினால் எடுத்துவிடும் தூரத்தில், ஒரு பந்து மெதுவாக இறங்கியது. சுண்டெலி நின்ற இடத்திலேயே நின்று அது விழுவதைப் பார்த்தாள்.

மேடம் விசிலை ஊதினார். "ஏன் விழல?"

சுண்டெலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கறேன்ல. அது உன் பந்துதானே?"

"தரை கீறிடும்னு..." என்றாள் சுண்டெலி.

 எத்தனை வருடம்? மண்ணில், சேற்றில், இருட்டில் விழுந்து எழுந்த பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு நல்ல தரை வேண்டும் என்றுதான் மேடம் எல்லோருடைய வாசலிலும் போய் நின்றார். நல்ல தரையும் வந்தது. அந்தத் தரையைக் காட்டிக் காட்டியே பிள்ளைக்கு விழுவதை மறக்க வைத்துவிட்டாரே. நாற்காலிக்காரர்கள் யாரும் இதைச் செய்யவில்லை. இவரேதான் செய்தார்.

"தள்ளு" என்று சுண்டெலியை நகர்த்திவிட்டு அவள் இடத்தில் மேடம் நின்றார். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அணித்தலைவியைப் பார்த்து, "எனக்கு முன்னால போடு. கிட்டப் போடாத" என்றார்.

"மேடம், வேண்டாம் மேடம். உங்க முட்டி..."

"போடுடீ."

பந்து வந்தது. மேடம் பாய்ந்தார் என்று எழுதினால் அது கொஞ்சம் மரியாதைக்காக எழுதுவது. விழுந்தார். முட்டி, இடுப்பு, தோள் என்று தவணை முறையில் விழுந்து, கடைசி நொடியில் கையை நீட்டினார். பந்து மணிக்கட்டில் பட்டு மேலே எழும்பியது. நல்ல பந்து, யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். யாரும் அடிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் கைக்கடிகாரத்து எஃகுப் பட்டை இழுத்துக்கொண்டு போன இடத்தில், பளபளக்கும் வார்னிஷில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாகக் கீறல் விழுந்திருந்தது.

மேடம் படுத்தபடியே அதைப் பார்த்தார். கட்டைவிரலை எச்சிலில் நனைத்து ஒருமுறை தேய்த்தும் பார்த்தார். போகவில்லை.  செயலர் நாளைக்கு வரும் நாள். குனிவார், பார்ப்பார்.

சுண்டெலி ஓடிவந்து கையைக் கொடுத்தாள். "அடி பட்டுச்சா மேடம்?"

"பட்டுச்சு."

"செயலர் சார் பார்த்தா..."

"பார்க்கட்டும். நான்தான் விழுந்தேன்னு நானே சொல்லிக்கிறேன். பரீட்சை ஹால்ல எவளும் இப்படி விழமாட்டா சார்னு சொல்றேன்."   கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். "அடுத்த பந்து உனக்கு. விட்டியோ, வெளிய மைதானத்த பத்து சுத்து ஓடணும்."

அணித்தலைவி இந்த முறை முழு பலத்தோடு அடித்தாள். சுண்டெலி தரையைப் பார்க்கவில்லை, மேடத்தின் முகத்தையும் பார்க்கவில்லை. விழுந்தாள்.