சிஸ்டருக்குப் போட்ட டீ

டெட்டால் வாசனையும் புதுத் தேயிலைத்தூள் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும்... கூடவே நெஞ்சு படபடவென்று அடிக்கும்.

மாட்டுப்பட்டிக்கு மேலே எஸ்டேட் லைன் வீடு. எனக்கு இருபது வயது. டிகிரி முதல் வருஷம் முடித்ததும் கல்யாணம், பின்னாலேயே மகள். அவள் தவழ ஆரம்பித்ததும் திரும்பக் காலேஜ் போக வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. வீட்டுக்காரருக்கும் சம்மதம்தான். ஆனால் தன் அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டார். மாமனாருக்கோ உடனே பேரன் வேண்டும். ஒரே மூச்சில் ரெண்டையும் பெற்றுவிட்டால் வேலை முடிந்தது என்பார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்... அவர் தன்பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்.

குழந்தைக்கு ஊசி போடப் போனபோது ஹெல்த் சென்டர் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மலையாளக்காரர். காப்பர் டி போட்டுக்கொண்டால் படிப்பு முடியும் வரை கவலையில்லை, வேண்டும்போது எடுத்துவிடலாம், எல்லாம் கவர்மென்ட் செலவு என்று பொறுமையாக விளக்கினார். வீட்டுக்காரரிடம் கேட்டேன், தலையாட்டினார்.

சரி, என்ன சாக்குச் சொல்லிக் கிளம்புவது?

அதை யோசித்துக்கொண்டிருந்தபோதே சிஸ்டர் எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்!

"மோளே, காப்பர் டி இடணும்னு பறஞ்சல்லோ... இன்னிக்கு வருமோ?"

பக்கத்தில் மாமனார் பீடியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தம்மா என்னத்தைப் போடச் சொல்லுது என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"டீ போடணுமாம். காப்பர் டீ. சென்டர்ல ஆளில்லாம கெடக்காங்க, புள்ள போயி போட்டுக் குடுத்துட்டு வரட்டும்."

ஏன், நம் வீட்டிலேயே போட்டுக் கொடுக்கலாமே என்றார் மாமனார், நல்ல மனசோடு. அதற்கும் அத்தையிடம் பதில் இருந்தது.

"அங்க பாலு இருக்காம். தூளுதான் இல்லயாம்."

சொன்னதோடு விட்டாரா? ஒரு தூள் பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு, பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

வளைவு திரும்பும் வரை சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தார். காப்பர் டி போட்டு முடித்த பிறகு, அந்தத் தூளில் நிஜமாகவே டீ போட்டு ரெண்டு பேரும் குடித்தோம். சாயங்காலம் மாமனார் விசாரித்தபோது, சிஸ்டர் டீ குடித்தார் என்று பொய் கலக்காமல் பதில் சொன்னேன்.

பேரன் வரும்போது வரட்டும், அதுவரை சும்மா இருப்பதற்குக் காலேஜாவது போகட்டும் என்று அத்தைதான் அடித்துப் பேசி ஜூனில் என்னை அனுப்பினார்.

ரிசல்ட் வந்த அன்று பாஸ் என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அத்தையைக் கட்டிப்பிடித்தேன். அவர் காதோடு சொன்னார்.

"சரி தாயி, போயி எடுத்துட்டு வா. டீ ஆறிப் போயிருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது...

"கல்யாணமாகி வந்ததுலருந்து கொழுந்து கிள்ளுறவ நானு. காப்பர் டீன்னு ஒரு தூளு கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அதற்கப்புறம் பிறந்தது இன்னொரு மகள். மாமனார் அவளைத் தரையில் விட்டதே இல்லை.

போன வாரம் அத்தைக்கு சுகர் மாத்திரை வாங்க அதே சென்டருக்குப் போயிருந்தோம். புதுக் கட்டடம், டைல்ஸ், டோக்கன்... ஒரு இளம் ஜோடி. காப்பர் டி போட என்றைக்கு வர வேண்டும் என்று அந்தப் பையனே சத்தமாகக் கேட்கிறான். பையனின் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்!

எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் திருட்டுத்தனத்தின் த்ரில் இவர்களுக்குக் கிடைக்காதே என்று ஓரமாக ஒரு சின்ன ஏக்கமும்தான்.

அத்தை என் காதைக் கடித்தார்.

"இந்தக் காலத்து மாமியாருக்குத் தூளு மிச்சம்."