மலைமேல் ஒரு கலர் கம்பெனி ஏஜென்சி

கம்பெனி ஏஜென்சி என்றால், நம் காசைப் போட்டு, நம் இடத்தில் உட்கார்ந்து, எவனோ சொன்னபடி நடப்பது. எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டேன். மறுபடி எழுத மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் ஏர் மாடு இரண்டையும் விற்று, பாட்டிலில் கலர் சோடா அடைத்து விற்கும் வேலூர் கம்பெனியில் முன்பணம் கட்டினான். ஜவ்வாது மலை முழுக்க நாங்கள் மட்டும்தான் ஏஜென்ட். அண்ணன் நிலத்தைப் பார்க்க, கடை என் தலையில். மூன்று மாதத்தில் காலி பாட்டில் அத்தனையும் கம்பெனிக்குத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் ஏஜென்சியும் போச்சு, முன்பணமும் போச்சு. மாடு வாங்க வேறு வழியும் கிடையாது.

ஐஸ் பெட்டி

சரக்கு வருவதற்கு முன்னால் ஐஸ் பெட்டி வந்தது. அதைப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊர்வரை நாலு பேர் பாடை மாதிரி தூக்கி வந்தார்கள். கூடவே வந்த கம்பெனி ஆபீசர், பெட்டியைக் கடை வாசலில் வைத்தே ஆகவேண்டும் என்றார். எங்கள் ஊரில் கரண்ட் கிடையாது, ஐஸ் கீழேயிருந்து வருவதற்குள் தண்ணீராகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன்.

"பெட்டி இருக்கணும்னுதாம்மா ரூல்ஸு. குளிரணும்னு எதுலயும் எழுதல" என்றார்.

முதல் பாட்டில்

ஊரில் எது புதிதாக வந்தாலும் முதலில் காளியம்மனுக்கு வைக்க வேண்டும். அதுவரை ஒருத்தரும் வாய் வைக்க மாட்டார்கள். சரியென்று கோயிலுக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். மலைப்பாதையில் குலுங்கி வந்த சரக்கு, வெயில் வேறு. நுரை பீறிட்டுப் பூசாரி வேட்டியெல்லாம் சிவப்பு. அவர் சாராய ஊறலை மோந்து பார்ப்பதுபோல் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னும் பொங்கினுகீது. அடங்கட்டும், நாலு நாள் கழிச்சி குடிக்கலாம்."

அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

காலி பாட்டில்

திருவிழாவில் மூன்று பெட்டி கலர் ஒரே நாளில் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பார்த்தால் ஒரு பாட்டில்கூடத் திரும்பவில்லை. வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் மண்ணெண்ணெய், ஒரு வீட்டில் விளக்கெண்ணெய். சின்னப்பொண்ணு அக்கா வீட்டில் ஏழு பாட்டில் நிறைய மலைத்தேன், மரத்தக்கை வைத்து அடைத்து வரிசையாக நிற்கிறது. பாட்டில் வராவிட்டால் எங்களுக்கு ஏர் மாடு இல்லை அக்கா என்று கெஞ்சினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"நாங்க பாட்டிலுக்காவத்தான் வாங்கினோம் பொண்ணே. உள்ள இருக்கிற தண்ணிய வேணும்னா அடுத்த தபா நீயே வெச்சிக்க."

ஆபீசர் வந்தார்

வேறு வழியில்லாமல் உப்பும் அரிசியும் கொடுத்து, தேனோடு எண்ணெயோடு பாட்டில்களை வாங்கினேன். பத்து நாள் அலைந்ததில் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்தது. மாற்றி ஊற்றிக் கழுவுவதற்குள் மறுநாள் காலை ஆபீசர் வந்து நின்றார். எண்ணிப் பாருங்க, கணக்கு சரியாயிருக்கும் என்றேன். எண்ணினார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் தேனும் எண்ணெயும் பட்ட பாட்டிலைக் கம்பெனி தொடாதாம். ரூல்ஸில் காலி பாட்டில் என்றுதான் போட்டிருக்கிறதாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு, பையைத் திறந்து பிடித்தார்.

"ஏஜென்சி கேன்சல்மா. அந்தத் தேன்ல ரெண்டு பாட்டில் மட்டும் குடு, வூட்ல குழந்தைக்கு இருமல்."

கொடுத்தேன். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாமை விதைக்க நிலத்தைக் கொத்தப் போய்விட்டான், பின்னாலேயே நானும் போனேன்.

ஏஜென்சி எடுக்கப் போகிறவர்களே, கம்பெனி எதைக் கொடுக்கும் என்று கேட்காதீர்கள், எதைத் திருப்பிக் கேட்கும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.