என் மகளின் ஈறுக்குள் இருபத்து மூன்று பற்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது இது. கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மரவள்ளியும் மிளகும்தான் பிழைப்பு. அப்போது என் மகள் ஏழாம் வகுப்பு. மேல் வரிசையில் பால்பல் ஒன்று விழுந்து வருடங்களாகியும் அந்த இடத்தில் பல் முளைக்கவே இல்லை. ஈறு மட்டும் மெல்லப் புடைத்து, உதட்டைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தது. வலி இல்லை என்பதால் நானும் அசட்டையாக இருந்துவிட்டேன்.

அடிவாரத்து ஊர் ஒன்றில் பல் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கூட்டிப் போனேன். டார்ச் அடித்து அரை நிமிடம் பார்த்திருப்பார். எக்ஸ்ரே கிடையாது, ஒரு கேள்வி கிடையாது.

"கேன்சர் கட்டிம்மா இது. மலைக்காரங்க சின்னதுலயே பொகையில போட்டுப் பழக்கி உட்டுர்றீங்க. அப்பறம் இங்க தூக்கிட்டு ஓடியாறீங்க" என்றார், வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

எங்கள் வீட்டில் புகையிலையை யாரும் தொட்டதே இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்தபடி பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பெஞ்சில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் இருந்திருக்கிறாள். மறுநாளே ஊர் முழுக்கச் செய்தி. பள்ளிக்கூடத்தில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் வரவில்லை. என் நாத்தனார் என் முகத்துக்கு நேராகவே, "இனி அலைஞ்சு என்னத்துக்கு ஆவுது? சாமி உட்ட வழின்னு இருங்க" என்றாள். வீட்டுக்காரரோ கோயிலுக்கு நேர்ந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் பேச்சையே நிறுத்திவிட்டாள். எந்நேரமும் கையால் வாயை மூடியபடி திரிந்தாள். மூன்று வாரம் இப்படியே போனது. ஒருநாள் மரவள்ளிக் காட்டுக்கு என் பின்னாலேயே வந்து, "அம்மா, நான் செத்துருவனா?" என்று கேட்டாள்.

மண்வெட்டியைக் கீழே போட்டேன். மறுநாள் யாரிடமும் யோசனை கேட்காமல் சேலத்துக்கு பஸ் ஏறினோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் இளவயதுப் பெண் டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா, கேன்சர் மாதிரி தெரியல. பல்லா வளர வேண்டிய சதை தாறுமாறா வளர்ந்து, குட்டிக் குட்டிப் பல்லா உள்ள சேர்ந்திருக்கு. அதுதான் வர வேண்டிய பல்லை மறிச்சுக்கிட்டு நிக்குது. எடுத்துட்டா சரியாயிரும்."

அந்தச் சிரிப்பு என்னைக் கொளுத்திவிட்டது. "என்னங்க சிரிப்பு? ஒருத்தர் கேன்சருங்கறாரு, நீங்க பல்லுங்கறீங்க. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்று கத்தினேன். மூன்று வார ஆத்திரத்தையும் அந்தப் பெண் மேல் கொட்டினேன்.

அவர் கோபிக்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து என் மகளிடம் காட்டி, "நீயே எண்ணிப் பாரு கண்ணு" என்றார். வாயிலிருந்து கையை எடுத்து, விரல் வைத்து எண்ணினாள். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்ததால் பதினைந்துக்கு மேல் கணக்குத் தப்பியது. மறுபடி முதலிலிருந்து சத்தமாக எண்ணினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அறுவை சிகிச்சையில் எடுத்தபோது இருபத்து மூன்று இருந்தன. அரிசி அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும். பரிசோதனை முடிவும் கேன்சர் இல்லை என்றே வந்தது. பரிசோதனைக்குப் போனது போக மிச்சப் பற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஊருக்குப் போகும் வழியில், அடிவாரத்தில் அந்த ஆளின் கடையில் இறங்கினேன். பெஞ்ச் நிறைய ஆள். பாட்டிலை அவர் மேஜையில் கவிழ்த்தேன்.

"இதாங்க நீங்க சொன்ன கேன்சரு. எண்ணிக்கோங்க."

அவர் முகம் வெளுத்தது. "இருக்கலாம்னுதானம்மா சொன்னேன்" என்றார்.

மன்னிப்பு இல்லை. இன்றும் அங்கேதான் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். ஊரிலும், விலகி உட்கார்ந்தவர்களெல்லாம் ஒன்றுமே நடக்காதது போல் சிரித்துப் பேசினார்கள்.

வழி மறிக்கப்பட்டு நின்ற பல் இப்போது இறங்கிவிட்டது, கொஞ்சம் கோணலாக. மகள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எனக்குத்தான் கோபம் தீரவில்லை. அவர் மேல் உள்ளதைவிட, புகையிலை என்று பழி சொன்னபோது தலை குனிந்து நின்றேனே, அந்த என் மேல்தான் அதிகம். "எதை வெச்சு சொல்றீங்க?" என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மூன்று வாரம் என் பிள்ளை சாவை நினைத்துக்கொண்டு தூங்கியிருக்க மாட்டாள்.