இரண்டரை மணி நேரத் தொலைவு

இத்தாலியின் பொலோனியாவிலிருந்து மோல்டோவாத் தலைநகர் கிஷினாவுக்கு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரம். இதைச் சொல்லிச் சொல்லியே அக்லாயா பதினோரு வருடம் ஓட்டிவிட்டாள். "ஏம்மா அழுவுற? பஸ்ல சந்தைக்குப் போய் வர்ற நேரம்கூட ஆவாது. நீ கூப்பிட்டா வந்து நிப்பேன்." இத்தாலியக் கிழவிகளைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடப் போன மோல்டோவாப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குச் சொன்ன ஆறுதல்தான். அந்தப் பாழாய்ப்போன பேச்சை அவள் அம்மா யெவ்தோக்கியா அப்படியே நம்பினாள்.

சனிக்கிழமை காலையில் ஊரிலிருந்து பக்கத்து வீட்டுப் பராஸ்கா போனில் கத்தினாள். "அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுடி. பாதிரியார் எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாரு. கிளம்பு!"

"ஐயோ! எத்தன நாளாக்கா?"

"ஈஸ்டர்ல இருந்தே படுக்கைதான். சொல்ல விட்டாளா? 'கூப்பிடு தூரத்துலதான இருக்கா, அவ பொழப்பக் கெடுக்காத, கடைசில சொன்னாப் போதும்'னு சாமி படத்து மேல சத்தியம் வாங்கிட்டா."

"உனக்கு அறிவிருக்காக்கா?"

"நீதானடி சொன்ன, ரெண்டரை மணி நேரம்னு!" பராஸ்கா சீறினாள்.

உயிர் பிரியும்போது கையில் எரிகிற மெழுகுவத்தி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் இருட்டு என்பார்கள் அவர்கள் ஊரில். அதைத் தன் கையால் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் அக்லாயாவுக்கு வேண்டியிருந்தது.

"புறப்பட்டுட்டேன்னு அம்மா காதுல சொல்லுக்கா. அதுக்காவது உயிரப் புடிச்சு வச்சிருப்பா."

எங்கே புறப்பட்டாள்? அவள் பார்த்துக்கொண்ட கிழவியைத் தனியே விட முடியாது. கிழவியின் மகன் கடற்கரையிலிருந்து ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் அன்றைய விமானம் போய்விட்டது. நடுவில் பராஸ்கா அழைத்தபோதெல்லாம், பொய் வெளிப்பட்டுவிடுமே என்று அக்லாயா போனை எடுக்கவில்லை.

மறுநாள் விமானம் தரையைத் தொட்டதும் வழக்கம்போல எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்குக் கை எழவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது, இழவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். அம்மாவை மேசைமேல் கிடத்தியிருந்தார்கள்.

"நேத்து மத்தியானமே முடிஞ்சிருச்சு" என்றாள் பராஸ்கா.

"மெழுகுவத்தி?"

"ஏத்திக்கிட்டுத்தான் போனேன். வாங்கமாட்டேன்னு கைய இறுக்கி மூடிக்கிட்டா. 'எம்பொண்ணு வானத்துல வந்துக்கிட்டிருக்கா, அவ குடுக்கட்டும்'னா. கெஞ்சிப் பாத்தேன், கேக்கல. இருட்டுலயே போயிட்டா பாவி மக." பராஸ்கா மூக்கைச் சிந்தினாள். "அந்நேரம் நீ எங்கடி இருந்த?"

அக்லாயா அம்மாவின் மூடிய விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

"அந்தக் கிழவிக்கு சூப்பு ஊட்டிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள்.