நாலு நாள் லீவு

என் வீட்டுக்காரர் கறி வைத்தால் குன்னூர் கிளப்பிலிருந்து துரைமார் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று அந்த நாளில் ஒரு பேச்சு உண்டு. இப்போதும் கிழடுகட்டைகள் இரண்டு பேர் சந்தித்தால் அதைச் சொல்லிச் சிலாகிப்பார்கள். கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதர் தம் ஆயுளில் ஒரு நாள்கூட அந்தக் கறியை வைத்ததில்லை. வைத்தவள் நான்.

கோத்தகிரிப் பக்கத்து அரவேணுவுக்கு மேலே மூன்று மைல் ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம். தோட்டத்துத் துரையின் பங்களாவில் என் வீட்டுக்காரர் பட்லர். கட்டிக்கொடுத்து என்னை மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றியபோது எனக்குப் பதினெட்டு வயது. பங்களாவுக்குப் பின்னால், சரிவில் கொஞ்சம் இறங்கினால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதுதான் எங்களுக்கு ஒதுக்கிய வீடு.

நான் வந்த அதே வருஷம்தான் துரைக்கும் சீமையிலிருந்து புதுப் பெண்சாதி வந்து இறங்கினாள். வந்த வாரத்திலேயே துரைசாணிக்கு அம்மிச் சத்தம் ஆகவில்லை. காலையில் அந்தச் சத்தம் கேட்டால் தலைவலி வருகிறதாம். பங்களாக் குசினிக்குப் பின்னால் கிடந்த அம்மியை இரண்டு ஆள் சேர்ந்து உருட்டிக் கொண்டுவந்து என் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளைக்கு நீயே அரைத்துக்கொடு, அப்புறம் ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். புதுப்பெண் அல்லவா, புருஷன் கேட்டானே என்று சந்தோஷமாக அரைத்தேன். அந்த இரண்டு நாள் பதினோரு வருஷம் நீண்டது.

அரைப்பதோடு விட்டதா? மசாலா வதங்குகிற நெடியும் துரைசாணிக்கு ஆகவில்லை. மிளகாய் நெடி ஜன்னல் வழியாகப் போய் அவளைத் தும்ம வைத்ததாம். அதனால் வதக்குவதும் என் அடுப்புக்கு வந்தது. வதக்கினவள் கறியைப் போட்டுக் கொதிக்க வைக்க மாட்டாளா? அதுவும் என் தலையில் விழுந்தது. கடைசியில் மூடி போட்ட பாத்திரத்தில் கறி முழுசாக என் வீட்டிலிருந்து மேலே போகும். அங்கே அவர் அதைப் பீங்கானில் ஊற்றி, மேலே இரண்டு கொத்தமல்லி இலையைக் கிள்ளிப் போட்டு, வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக மேஜைக்குக் கொண்டுபோவார். அந்த இரண்டு இலைக்குத்தான் அத்தனை பேரும் புகழும்.

பொய் சொல்லக்கூடாது, அவருக்கு ரொட்டி சுட வரும். புட்டிங், சூப், வாட்டின இறைச்சி எல்லாம் வரும். அதெல்லாம் துரைமார்கள் ஊரில் பிறந்ததிலிருந்து தின்கிற சாமான். அதற்காக யாரும் குன்னூரிலிருந்து வந்ததில்லை.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். தோட்டத்துச் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து ஊற்றுக்கு இறங்க வேண்டும். குடத்தோடு ஐம்பது படி ஏற வேண்டும். எரிக்கக் கிடைப்பது தைலம் எடுக்கிற கற்பூர மரத்து விறகு. மழைக்காலத்தில் அது எரியாது, அழும். ஊதி ஊதிக் கண் சிவந்து, பங்களாக் கறி இறங்கின பிறகுதான் என் வீட்டு உலை ஏறும். பிள்ளை பசிக்கு அழுதாலும் அதே முறைதான். ஆடி மாதம் வந்தால் துணி காயாது. பிள்ளையின் துணியைக் கணப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து உலர்த்துவேன். புகை நாற்றம் அடிக்கிற துணியைத்தான் என் மகள் நடக்கிற வரைக்கும் கட்டினாள்.

அங்கே இருபது தினுசுத் தட்டைக் கழுவித் துடைத்து அடுக்குகிற மனிதர், இங்கே வந்தால் தாம் தின்ற தட்டை நகர்த்தக்கூட மாட்டார். செம்பில் தண்ணீர் மொண்டு குடிக்க மாட்டார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு கம்மி என்பார். துரை தின்று மிச்சம் வைக்காத கறியில் இவருக்கு உப்பு கம்மி. பேசாமல் உப்பு மரவையைத் தள்ளிவைப்பேன். அப்போது எனக்கு வாய் வளரவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் எந்தப் பெண்தான் பொறுக்கவில்லை? என்னைப் பொறுக்க விடாமல் செய்தது என் தங்கச்சி கல்யாணம்.

எங்கம்மா மௌத்தானபோது தங்கச்சிக்கு மூன்று வயது. நான்தான் இடுப்பில் தூக்கி, சோறூட்டி, பேன் பார்த்து வளர்த்தேன். எனக்குக் கல்யாணமாகிக் கிளம்பின அன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற விடவில்லை. உன் நிக்காஹுக்கு வந்து என் கையால் உன்னை ஜோடிப்பேன் என்று சொல்லித்தான் விரலைப் பிரித்தேன். இப்போது எங்களைப் பெற்ற அத்தாவிடமிருந்து கார்டு வந்தது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நிக்காஹ், நீ முன்கூட்டி வந்தால்தான் வீடு வீடாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

கார்டை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். முகம் சுண்டிப்போயிற்று. சீசன் நேரமாயிற்றே, ஊட்டியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களே, எப்படிப் போவாய் என்றார். துரைசாணியிடம் லீவு கேட்டுப் பாருங்கள் என்றேன். யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என்னவென்று சொல்லிக் கேட்பது என்று திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. துரைசாணிக்கு நான் சமைக்கிறேன் என்பதே தெரியாது. அம்மி எங்கள் வாசலில் கிடக்கிறது, பட்லர் அங்கே போய் அரைத்துக் கறி வைத்துக்கொண்டு வருகிறான் என்றே அவள் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். இவரும் நினைக்க விட்டிருக்கிறார். என் பெண்சாதிக்கு லீவு கொடுங்கள் என்று இவர் வாயைத் திறந்தால் அத்தனையும் வெளியே வந்துவிடும். சம்பளப் புஸ்தகத்தில் பெயர் கிடையாது, வாய்ச்சொல்லில்கூடப் பெயர் கிடையாது. ஆனால் நான் ஒரு நாள் நகர்ந்தால் பங்களா மேஜையில் கறி கிடையாது. இப்படியும் ஒரு பிழைப்பா?

நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கிவந்தார். நிக்காஹ் வாரத்துப் புதன்கிழமை பெரிய லஞ்ச் இருக்கிறது, ஊட்டியிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள், அது நல்லபடியாக அமைந்துவிட்டால் துரைசாணி மனசு குளிர்ந்திருக்கும், அப்போது பக்குவமாகக் கேட்டுவிடுகிறேன் என்றார். பிள்ளை தலையில் கை வைத்துச் சொன்னார். நானும் நம்பினேன்.

அந்தப் புதன்கிழமைக்கு நான் அரைத்த மாதிரி என் மகள் கல்யாணத்துக்குக்கூட அரைத்ததில்லை. கொத்தமல்லியைக் கருகாமல் வறுத்து, மிளகாயைக் காம்பு கிள்ளி விதை நீக்கி, கசகசாவையும் தேங்காயையும் வெண்ணெயாய் வழித்தேன். கோழிக்கறி ஒன்று, ஆட்டுக்கறி ஒன்று, வெள்ளைக்காரர் குடிக்கிற மிளகுத் தண்ணி ஒரு சட்டி. ஒவ்வொரு தடவை குழவியைத் தள்ளும்போதும் தங்கச்சி முகம்தான் கண்முன் நின்றது. மணிக்கட்டு வீங்கிப் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. தோள்பட்டையில் சாய்த்துத் தூங்க வைத்தேன்.

மூன்று மணி வாக்கில் வீட்டுக்காரர் சரிவில் இறங்கி வந்தார். நடையிலேயே தெரிந்தது, லஞ்ச் ஜெயம் என்று. வாசலிலேயே மறித்தேன்.

"ஏனுங்க, கேட்டீங்களா?"

"கேட்டேன். நானாப் போய்க் கேக்கல. துரையே குசினிக்கு வந்து, பட்லர், உனக்கு என்ன வேணும் கேளுன்னு நின்னாரு."

"குடுத்தாங்களா?"

"குடுக்காம?" என்று மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

லீவு கொடுத்ததைக் காகிதத்தில் எழுதியே தந்துவிட்டார்களே என்று நெஞ்சு குளிர்ந்துபோனேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. இதில் எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். அது சிட்டு. இந்தப் பட்லர் யோக்கியமானவன், கறி சமைப்பதில் இந்த மலையிலேயே இவனுக்கு நிகரில்லை என்று துரை தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட நற்சாட்சிக் கடிதம். அடுத்த வருஷம் துரை சீமைக்குப் போகப்போகிறார், இந்தச் சிட்டு இருந்தால் ஊட்டியில் எந்தப் பெரிய பங்களாவிலும் வேலை கிடைக்கும், லீவை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், சிட்டுக் கேட்க இப்படி ஒரு நேரம் வாய்க்குமா என்று எனக்கே நியாயம் சொன்னார்.

அடப் பாவி மனுஷா! என் கைச் சமையலுக்குத் தன் பெயரில் சாட்சி எழுதி வாங்கிக்கொண்டு, அதை என்னிடமே காட்டிச் சிரிக்கிறாரே, இவருக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா? என் வாய் அன்றைக்குத்தான் வளர்ந்தது. பதினோரு வருஷத்துப் புகையும் அரைப்பும் உப்பு மரவையும் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சத்தம் போடாதே, மேலே கேட்கும் என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புத்தி தெளிந்தது.

"ஏனுங்க, நான் அந்த பங்களாவுல வேலைக்கு இருக்கறனா?"

"இல்ல."

"வேலைக்கே இல்லாதவளுக்கு லீவு எதுக்குங்க?"

அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, நாளைக்குக் கறிக்கு என்ன பண்றது என்று கேட்டார். பெண்சாதி தனியாகக் கைப்பிள்ளையோடு மலையிறங்குகிறாளே, பத்திரமாகப் போய்ச் சேர்வாளா என்று கேட்கத் தோன்றவில்லை. கறிக்கு என்ன பண்றதாம்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணிமூட்டையோடு அரவேணுவுக்கு இறங்கினேன். கோத்தகிரியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். பத்து மணிக்கெல்லாம் தங்கச்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். சொன்ன சொல்லை நிறைவேற்றினேன். என் கையால் தலைவாரிப் பூ வைத்து ஜோடித்தேன். நான் வளர்த்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மிப் பக்கம் போனால் என் வீங்கின கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் விரட்டினார்கள். உட்கார்ந்த இடத்தில் எனக்குச் சோறு வந்தது. யாரோ சமைத்ததைச் சூடாகத் தின்று அத்தனை வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பினேன். வீட்டுக்காரர் சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தால், ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டு நின்றார். பரணில் புதிதாக ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. என்னவென்று கேட்டேன். நாலு நாளும் மேஜைக்குக் கறி போகவில்லையாம். அரைத்து அரைத்துக் கை சுளுக்கிக்கொண்டது என்று துரைசாணியிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஐயோ பாவம் என்று சீமைத் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்பியிருக்கிறாள். அரைத்த கைக்கு மருந்து! வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு நாள்கூடக் குழவி பிடிக்காத கைக்கு! எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலையில் புட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். துரைசாணி குசினி வராந்தாவில் நாற்காலி போட்டு அன்றைய சமையலுக்கு உத்தரவு சொல்லிக்கொண்டிருக்கிற நேரம் அது. அவர் கை கட்டி நிற்கிறார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் வற்றிப்போயிற்று. நான் புட்டியைப் படியில் வைத்தேன். முந்தானையை விலக்கி இரண்டு மணிக்கட்டையும் நீட்டினேன்.

"அரைக்கற கை இதுங்க, துரைசாணி. கறி வைக்கறதும் நானுங்க. பதினோரு வருஷமா நானுங்க."

அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். என் கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் முகம் சிவந்தது. வெட்கப்படுகிறாள், ஒரு பெண்ணின் கஷ்டம் இன்னொரு பெண்ணுக்குப் புரியாமல் போகுமா என்று நான் எண்ணிக்கொண்டேன். மடச்சி நான். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.

"பட்லர், இவளுக்கு நாலு நாள் லீவு யார் கொடுத்தது?"

அவர் தலைப்பாகை தரையில் படுகிற மாதிரி குனிந்து, மன்னிக்க வேண்டும், இனிமேல் இப்படிப் போக மாட்டாள் என்றார். பதினோரு வருஷத்தில் அந்தப் பங்களாவில் எனக்காக அவர் வாய் திறந்து கேட்டது அந்த மன்னிப்பு ஒன்றுதான்.