ஓசி லினக்ஸை மட்டம் தட்டினேன்

கருங்குழியில் பாய் கம்ப்யூட்டர் கடையில் இன்று வாயை விட்டுவிட்டேன்.

அணுபுரத்து டீச்சர் ஒருவர் பழைய லேப்டாப்பில் என்ன சாஃப்ட்வேர் போடலாம் என்று கேட்க வந்திருந்தார். "காசு குடுத்து வாங்குற மேக் கம்ப்யூட்டரும் யூனிக்ஸ்ங்கிற பழைய சாஃப்ட்வேர் வழிதான், லினக்ஸும் அந்த வழிதான் டீச்சர். இது ஓசி, பழைய மிஷின்லயும் நல்லா ஓடும்" என்றார் பாய்.

நான் குறுக்கே புகுந்தேன். "ஓசி சரக்கு இன்னா லட்சணத்துல இருக்கும்? என் வூட்டு கம்ப்யூட்டர்ல கம்பெனி சரக்கு கீது. மூணு வருஷமா ஒரு பேஜாரு இல்ல."

டீச்சர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பாய் கோபிக்கவில்லை. "நைனா, உங்க வூட்ல நான் போட்டதும் லினக்ஸ்தான்."

திரையில் இருக்கும் பெயரைப் பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது, ஞாபகம் மட்டும் உண்டு. மூன்று வருஷம் முன்பு அதைப் போட்ட அன்று பாய் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, "சரக்குக்கு டப்பு வேணாம் நைனா" என்றார். எனக்காக விட்டுக்கொடுத்தார் என்று நினைத்திருந்தேன்.

போனில் பேசி, அதையே எழுத வைத்துத்தான் இந்தப் பதிவைப் போடுகிறேன். அந்த டீச்சரைத் தெரிந்தவர்கள், பாய் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடுங்கள். இன்று அந்தக் கடையில் ஓசியில் கிடைத்த மட்டமான சரக்கு என் யோசனை ஒன்றுதான்.